வார்னிஷ் அடித்தால் கல் பிழைக்காது

"கல்லுக்கு என்ன சார் ஆகப்போகுது?"

இந்தக் கேள்வி என் காதில் விழாத வருடம் கிடையாது. அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர், குன்றத்தூர் என்று நம் பக்கம் குடியேறிய ஓய்வூதியக்காரர்களில் திருச்சி, அரியலூர், பெரம்பலூர் பக்கம் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. ரயில்வே, மின்வாரியம், வங்கி, பொதுப்பணித்துறை என்று ஏதோ ஒன்று. நான் தொலைபேசித் துறையில் அரியலூரில் ஐந்து வருடம் இருந்தேன். மாற்றலாகி வரும்போது பாத்திரம் பண்டத்தோடு ஒரு சாக்குப்பைக் கல்லும் லாரியில் ஏறியது. நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட், துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலம்னைட், சிப்பி, கிளிஞ்சல், எல்லாம் கல்லாய்ப் போனவை. கடல் எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊரில் சிப்பி கிடைக்கிறதே என்ற ஆச்சரியம்தான் எல்லோருக்கும். சுமார் 11 கோடி வருடத்துக்கு முன்னால் தொடங்கி 6.5 கோடி வருடத்துக்கு முன்புவரை அங்கே கடல் வந்து வந்து போயிருக்கிறது. அதன் மிச்சம்தான் இவை.

எனக்குத் தெரிந்தே ஏழெட்டு வீடுகளில் இப்படி இருக்கிறது. ஷோகேஸில், தஞ்சாவூர் பொம்மைக்கும் பேரன் வாங்கிய கோப்பைக்கும் நடுவில், வார்னிஷ் அடித்துப் பளபளவென்று. அந்தப் பளபளப்பைத்தான் இங்கே கொஞ்சம் திட்டப் போகிறேன். நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

கல்லுக்கு என்ன ஆகும்? உளுத்துப் போகும். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்து, பெயின்ட் உப்பி, விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிருமே, அதைப் பார்க்காதவர் அடையாற்றங்கரையில் குடியிருக்கவே முடியாது. அதே மாதிரி கல்லுக்குள்ளும் நடக்கும். என்ன வித்தியாசம் என்றால் சுவருக்குக் கொத்தனாரைக் கூப்பிடலாம்.

விஷயம் இதுதான். கடலடிச் சேற்றில் ஒரு பிராணி செத்துப் புதைகிறது. அந்தச் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டிலிருந்து சல்பைடு உண்டாக்குகின்றன. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. தங்கம் மாதிரி மின்னும், தங்கம் என்றே நினைத்து ஏமாந்தவர்களும் உண்டு. சிப்பியின் அறைகளுக்குள்ளும் கல்லின் இடுக்குகளிலும் கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள்களாக இது உட்கார்ந்திருக்கும். மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் பத்து கோடி வருடம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. வெளியே எடுத்து ஈரக்காற்றில் வைத்தால் ஆரம்பிக்கும் வினை. ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து பைரைட்டை இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாற்றிவிடும்.

இரும்பு சல்பேட் நமக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். கடுக்காயோடு சேர்த்து மை காய்ச்சுவார்கள், துணிக்குக் கறுப்பேற்றுவார்கள். நம் ஊர் நெசவாளர் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த அன்னபேதிதான் உங்கள் அம்மோனைட்டின் மேல் வெளுப்பாகவும் மஞ்சளாகவும் பொடி பூத்து நிற்கிறது. அது பைரைட்டைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெருக்கி கல்லைப் பிளக்கும். கூடவே பிறந்த கந்தக அமிலம் பக்கத்துச் சுண்ணாம்புச் சிப்பியைத் தின்று ஜிப்சமாக்கும். ஜிப்சமும் இடம் கேட்கும், இன்னும் பிளக்கும். அமிலம் அதோடும் நிற்காது, அட்டைப்பெட்டி, பஞ்சு, பெயர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் பழுப்பாக்கி உதிர்த்துவிடும்.

பம்மலில் ஒரு நண்பர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. கல்லக்குடிச் சுரங்கத்தின் ஆழத்திலிருந்து வெடி வைத்து எடுத்த சாம்பல் நிறக் களிக்கல்லில் கிடைத்தவை அவரிடம் இருபது முப்பது இருந்தன. (கல்லக்குடி என்றால் நம் வயதுக்காரர்களுக்கு 1953 ரயில் மறியல்தான் நினைவு வரும். அந்த மண்ணுக்குள் ஒரு கடலே இருக்கிறது என்பது யாருக்கு நினைவு வரப்போகிறது!) அவர் போன பிறகு, அவர் மனைவி கூப்பிட்டார் என்று போனேன். "அண்ணா, இதெல்லாம் அவர் உசுரா வெச்சிருந்தது, உங்களுக்குத்தான் அருமை தெரியும், எடுத்துட்டுப் போங்க" என்றார். பெட்டியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை, தீக்குச்சி அணைத்த மாதிரி. உள்ளே பாதி சாம்பல் நிறப் பொடி. வார்னிஷ் மட்டும் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து, அம்மோனைட் வடிவத்தை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மோனைட் இல்லை. சீட்டுகள் தொட்டதும் நொறுங்கின. எது எந்த ஊர்க் கல் என்று சொல்ல ஆளும் இல்லை, எழுத்தும் இல்லை.

அவர் அக்கறை இல்லாதவர் என்று சொல்ல முடியாது. மாதம் ஒரு முறை துடைப்பார், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வார்னிஷ் அடிப்பார். அந்த அக்கறைதான் கெடுத்தது என்கிறேன். "காற்றுப் படாமல் பூசிவிட்டால் போதும்" என்று யாரோ கிளப்பிவிட்டது இன்றுவரை ஓடுகிறது. வார்னிஷோ நெயில் பாலிஷோ ஃபெவிகாலைக் கரைத்துப் பூசுவதோ, எதுவும் ஈரத்தை முழுதாகத் தடுக்காது. மெதுவாக உள்ளே போகத்தான் போகிறது. பூசும்போதே கல்லுக்குள் ஈரம் இருந்தால் அதையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறீர்கள். பொடி பூத்தாலும் மேலே தெரியாது, தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். பிறகு சரிசெய்யலாம் என்றால் அந்தப் பூச்சை எடுக்கவே முடியாது. அருங்காட்சியகங்களிலும் பூசுகிறார்கள் என்று ஒருவர் வாதாடினார். பூசுகிறார்கள்தான், பாரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து. அது எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனால் கழற்றிவிடக்கூடியது. அதுவும் பொடியைச் சுத்தம் செய்து, அமிலத்தை முறித்து, உலர்த்தியதற்கு அப்புறம், உடைசலைத் தாங்குவதற்காக. அதையும் ஹார்டுவேர் கடை வார்னிஷையும் ஒன்றென்று சொல்வது, டாக்டர் போடும் தையலையும் கோணி ஊசியையும் ஒன்றென்று சொல்வது மாதிரி.

வார்னிஷுக்கு அடுத்த பாவம் தண்ணீர். கல்லில் வெள்ளையாகப் பூத்தால் நம்மாட்கள் செய்யும் முதல் காரியம் குழாயடியில் வைத்துப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது. பைரைட் இருக்கும் கல்லில் தண்ணீர் விடுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது. போதாததற்கு நம் பக்கத்து போர் தண்ணீர் வேறு. வாளியில் நான்கு நாள் இருந்தால் சுற்றிலும் வெள்ளை வளையம் கட்டுகிற தண்ணீர். அந்த உப்பு கல்லின் நுண்துளைக்குள் போய், காயும்போது படிகமாகி, வெயிலுக்கும் மழைக்கும் விரிந்து சுருங்கி, பைரைட்டே இல்லாத கல்லையும் செதில் செதிலாக உரித்துவிடும்.

மூன்றாவது, ஷோகேஸ். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மரம், அதிலும் புது பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, அதை ஒட்டிய பசை, எல்லாம் மூடிய இடத்தில் அசிடிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் என்று ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வினிகர் வாடைதான், நம் மூக்குக்கு எட்டாத அளவில். சுண்ணாம்பாலான சிப்பிக்கு அது போதும். மேலே வெள்ளைப் பஞ்சு மாதிரி உப்புப் பூத்து, சிப்பியின் வரிகள் மழுங்கிப் போகும். பைன் என்ற ஆங்கிலேயர், சிப்பி சேகரிப்பவர், 1899இல் இதைப்பற்றி எழுதினார். அதனால் பைன் நோய் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் கிருமிகளின் வேலை என்று நினைத்தார். கிருமி கிடையாது, அலமாரிதான் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஐம்பதாயிரம் செலவழித்து மாடுலர் அலமாரி செய்து, உள்ளே விளக்குப் போட்டு, கண்ணாடிக் கதவை இறுக மூடி, அதற்குள் காராய்ச் சிப்பியை வைக்கிறோம். (நாஃப்தலின் உருண்டை போட்டு வைத்த ஒரு வீட்டையும் பார்த்தேன். கல்லை எந்தப் பூச்சி தின்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை.)

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். நண்பர்கள் சும்மா விடுவார்களா?

முதலாவது, சாளக்கிராமம். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. "உங்க அம்மோனைட்டும் எங்க வீட்டுச் சாளக்கிராமமும் ஒண்ணுதானே, மூணு தலைமுறையா தினமும் திருமஞ்சனம் நடக்குது, அதுக்கு என்ன ஆச்சு?" என்றார் ஒரு பெரியவர். கேள்வி நியாயமானது. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருப்பது அம்மோனைட்டேதான், சிலவற்றில் பைரைட்டும் மின்னுகிறது. ஆனால் அவை இமயமலையிலிருந்து ஆற்றில் உருண்டு, அடிபட்டு, தேய்ந்து வந்தவை. இளகிய கல்லெல்லாம் வழியிலேயே உடைந்து போயிற்று, உறுதியானது மட்டும்தான் பூஜை அறை வரைக்கும் வந்தது. மேலும், பைரைட்டிலும் ஜாதி உண்டு. நன்கு வளர்ந்த கெட்டிப் படிகம் லேசில் அசையாது. பொடித் துகள்களாக இருப்பதுதான் ஈரம் பட்டால் எரியும். ஆகவே சாளக்கிராமம் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அந்த நியாயத்தை நேற்றுச் சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லுக்குப் பொருத்தாதீர்கள்.

இதே காரணத்தால்தான், காராய் பக்கம் செம்மண் ஓடைகளில் மழை அரித்து மேலே கிடந்ததைப் பொறுக்கியவர்களுக்கு ஆபத்து குறைவு. அவற்றிலிருந்த பைரைட் வெயிலிலும் மழையிலும் எப்போதோ துருவாகிவிட்டது, பழுப்பு நிறமே அதைச் சொல்லும். அங்கே வேறு தொல்லை. அந்தக் களிமண் முழுக்க ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது, கல்லோடு உப்பும் வீட்டுக்கு வரும். சாத்தனூர், திருவக்கரைக் கல்மரம் மாதிரி சிலிக்காவாக மாறியதற்கு எதுவும் ஆகாது. ஆனால் திருவக்கரைப் பூங்காவிலிருந்து துண்டு எடுத்து வந்திருந்தால் அதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன். போலீஸ்காரர் சொல்லட்டும்.

இரண்டாவது எதிர்வாதம் நேர்மாறானது. "எடுத்ததே தப்பு. அந்தந்த இடத்தில் விட்டிருக்க வேண்டும்." காலேஜில் படிக்கும் பேத்திகள் இப்படித்தான் கேட்கிறார்கள். பூங்கா, பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சுரங்கத்தில் அப்படி இல்லை. அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி, சிமென்ட் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே பொறுக்காமல் விட்ட அம்மோனைட் அம்மோனைட்டாக இருக்காது, கிரஷரில் போய், சூளையில் வெந்து, மூட்டையில் அடைபட்டு, நம் தெருவிலேயே யாரோ ஒருவர் வீட்டு மாடிப் படிக்கட்டாக நின்றுகொண்டிருக்கும்.

இந்தக் கல்லின் அருமையை உலகத்துக்குச் சொன்னவர்களும் சம்பள உத்தியோகத்தில் இருந்துகொண்டு பொழுதுபோக்காகப் பொறுக்கியவர்கள்தான். 1840களில் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை எழுதினார். பிறகுதான் பிளான்ஃபோர்ட் வந்து வரைபடம் போட்டதும், ஸ்டோலிச்கா தொகுதி தொகுதியாக எழுதிக் குவித்ததும். ஆகவே பொறுக்கியவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள். ஆனால் "நான் எடுக்காவிட்டால் கிரஷர் எடுத்திருக்கும்" என்று சொல்கிறவர், வீட்டில் வைத்தே அதைப் பொடியாக்கினால், அவருக்கும் கிரஷருக்கும் என்ன வித்தியாசம்? கிரஷராவது சிமென்ட் கொடுக்கிறது.

மூன்றாவது, "இதெல்லாம் லண்டனில் நடக்கும், அனகாபுத்தூரில் நடக்குமா?" இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடக்கும்.

முழு வீட்டையும் உலர்த்த வேண்டியதில்லை. ஒரு டப்பாவை உலர்த்தினால் போதும். பைரைட் கெடுவது காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது வேகமெடுக்கிறது. 45க்குக் கீழே கொண்டுவந்தால் மட்டுப்படும். ஏற்கெனவே பொடி பூத்த கல்லுக்கு 30 பக்கம் இருந்தால் நல்லது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் 80ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். அஞ்சறைப் பெட்டியில் உப்பு நீர் விட்டால் உங்கள் கல்லும் நீர் விடுகிறது என்று அர்த்தம். ஏ.சி. அறையில் வைத்திருக்கிறேன் என்று பெருமைப்படாதீர்கள். ராத்திரி ஓட்டி, பகலில் அணைத்து, ஈரம் ஏறி இறங்குவது இன்னும் மோசம்.

சமையலறைக்கு வாங்கும், ரப்பர் வளையம் வைத்து நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று. மரமும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். அடியில் சிலிகா ஜெல். செருப்பு டப்பாவில் வரும் இரண்டு பொட்டலம் போதாது. பாரிமுனை ரசாயனக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஐந்து லிட்டர் டப்பாவுக்கு கால் கிலோவாவது போடுங்கள். ஈரம் குடித்தால் நிறம் மாறும் வகையாக வாங்கவும். நீலம் ரோஜாவாக மாறுவதில் கோபால்ட் இருக்கிறது, உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிறத்தது கேளுங்கள். நிறம் மாறியதும் தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி புதிது. துணி முடிச்சாகக் கட்டிப் போடுங்கள், கல்லின் மேல் நேரடியாகக் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு சின்ன ஈரமானி, இருநூறு முன்னூறு ரூபாய்க்கு வரும் டிஜிட்டல் சமாசாரம், வெளியிலிருந்தே படிக்கிற மாதிரி. மூடியை அடிக்கடி திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும். விருந்தாளி வந்தால் டப்பாவோடு காட்டுங்கள்.

பொடி பூத்துவிட்டதா? முதலில் அதை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். உலர்ந்த பழைய டூத்பிரஷால் பொடியைத் தட்டி எடுங்கள், மூக்கில் துணியும் கையில் உறையும் இருக்கட்டும், அது அமிலப் பொடி. பிறகு தனி டப்பா, நிறைய ஜெல். அருங்காட்சியகங்களில் அமோனியா ஆவி காட்டி அமிலத்தை முறிக்கிறார்கள், எத்தனாலமைன் தயோகிளைகோலேட் என்ற ரசாயனமும் உபயோகிக்கிறார்கள். தயவுசெய்து வீட்டில் வேண்டாம். நம் வயதில் நுரையீரல் கல்லைவிட முக்கியம். போனது திரும்பாது, ஆனால் மிச்சம் இருப்பது அப்படியே நிற்கும். அதுவே பெரிய காரியம்.

சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சீட்டு இல்லாத கல் வெறும் கல். நமக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். தேதி எப்படித் தெரிகிறது? அவர் எழுதி வைத்தார். பல்லாயிரக்கணக்கில் சேர்த்தார், எல்லாவற்றுக்கும் எண்ணும் இடமும் இருந்தன. 1904இல் மதராஸ் அரசு அந்தச் சேகரிப்பை விலை கொடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வாங்கியது, அவரே அதற்கு அட்டவணையும் எழுதினார். வெறும் சாக்குமூட்டையாக இருந்திருந்தால் யார் வாங்குவார்கள்? எந்த ஊர், எந்த ஓடை அல்லது எந்தச் சுரங்கம், எந்த வருடம், மேலே கிடந்ததா பாறையிலிருந்து எடுத்ததா, இந்த நான்கும் போதும். பென்சிலால் எழுதுங்கள், மை ஊறும். சீட்டைத் தனி பாலிதீன் உறையில் போட்டு வையுங்கள், கல்லைத் தொட்டால் அமிலம் தின்னும். ஒரு நோட்டில் பிரதி இருக்கட்டும். ஞாபகம் இருக்கும்போதே எழுத வேண்டும். எழுபதைத் தாண்டிய பிறகு "அது குன்னத்திலா, கருடமங்கலத்திலா" என்று ஆரம்பித்துவிடுகிறது.

அப்புறம், யாருக்கு? பிள்ளைகள் அமெரிக்காவில். அவர்கள் வந்து வீட்டைக் காலி செய்யும் இரண்டு வாரத்தில் இந்த டப்பாவுக்கு யாருக்கு நேரம்? தாம்பரம் மாநகராட்சிக் குப்பை வண்டிக்குத்தான் போகும். அதற்கு முன்னால், கை கால் நன்றாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அரியலூர் பக்கம் வாரணவாசியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் புவியியல் துறைகள் இருக்கின்றன. நேரே மூட்டையோடு போய் நிற்காமல், நோட்டின் நகலை வைத்து முதலில் கடிதம் எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இடம் எழுதியதை வாங்க வாய்ப்பு உண்டு. வார்னிஷ் அடித்ததைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பம்மல் நண்பரின் பெட்டியில் பொடியானது போக ஒன்பது கல் தேறியது. ஒன்பதும் இப்போது என் டப்பாவில், 35 சதவீதத்தில் இருக்கின்றன. எந்த இடத்துக் கல் என்று சொல்ல அவர் கூடச் சுரங்கத்துக்குப் போன ஒருவர் நங்கநல்லூரில் இருப்பதாகக் கேள்வி. வயது எண்பத்து நான்காம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலுமாகப் போகிறேன்.